குருதி சொல்லும் கணக்கு

நோயின் பெயரை அறிவது வேறு. அதன் கடுமையை அறிவது வேறு. 1882ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின், முன்னது எளிதாயிற்று. சளியில் அக்கிருமி தென்பட்டால் நோய் இன்னதென்று துணிந்து கூறலாம். ஆயின், நுரையீரலுக்குள்ளே நோய் தணிகின்றதா, கனன்றுகொண்டிருக்கின்றதா என்பதைக் கிருமி சொல்லாது. தேறிவிட்டார் என நம்பி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் மீண்டும் படுக்கையில் வீழ்வதுண்டு. இந்தக் குறையை ஓரளவு நீக்கியது குருதியே.

கலத்தில் எடுத்து வைத்த குருதியின்மேல், நோயாளிகளிடத்தே வெளிறிய ஏடு படிவதைப் பண்டைய மருத்துவர் கண்டிருந்தனர், காரணத்தை அறிந்தாரல்லர். 1897இல் போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்னாட்ஸ்கி, உறையாமற் காத்த குருதியில் சிவப்பணுக்கள் அடியிற் படியும் விரைவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதையும், பைபிரினோஜன் என்னும் புரதத்துக்கு அதில் பங்குண்டு என்பதையும் எடுத்துரைத்தார். 1918இல் சுவீடன் நாட்டு ராபர்ட் ஃபோரேயஸ், கருவுற்ற பெண்களின் குருதியில் அணுக்கள் விரைந்து படிவதைக் கண்டு வெளியிட்டார். அவர் நாட்டினரான ஆல்ஃப் வெஸ்டர்கிரென் 1921இல் இம்முறையை நுரையீரல் காசநோயாளரிடத்தே ஆராய்ந்தார். நெடிய கண்ணாடிக் குழாயிற் குருதியை நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் அணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என அளப்பதே அவர் முறை.

இதன் காரணம் வருமாறு: சிவப்பணுக்கள் ஒரே வகை மின்னேற்றம் உடையவை, ஆதலின் ஒன்றையொன்று விலக்கும். உடலில் அழற்சி மிகும்போது கல்லீரல் பைபிரினோஜனை மிகுதியாக ஆக்குகிறது. அப்புரதம் விலக்கத்தைத் தளர்த்தவே, அணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு, கனம் மிகுந்து விரைந்து இறங்குகின்றன.

அப்புரதமே இன்று நேராக அளக்கப்படுகிறது. 2015இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான மருந்தாய்வுகளில், நோய் கடுமையாகக்கூடியவர்களைத் தெரிந்தெடுக்கப் பைபிரினோஜன் அளவைத் துணையாகக் கொள்ளலாம் என ஏற்றது. டெசிலிட்டருக்கு 350 மில்லிகிராம் என்பது அதற்குரிய எல்லை.

எனினும் ஒன்று மறக்கற்பாலதன்று. அந்த 350 நலமுடையோரிடத்தும் காணக்கூடிய அளவே. கருவுற்ற நிலையிலும் மூட்டழற்சியிலும் இப்புரதம் உயரும்; குருதிச் சோகையிலோ, இப்புரதம் மிகாமலே அணுக்கள் விரைந்து படியும். எனவே, இவ்வளவு தனித்து நின்று எந்நோய்க்கும் பெயரிடாது. சளிச் சோதனையும், மூச்சின் அளவும், மருத்துவரின் நேர்ப்பார்வையும் உடன் நிற்கும்போதே பொருள் தரும். அளவையின் வரம்பை அறிந்து ஆள்பவருக்கே அது பயன்படும் என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மையாகும்.