திண்டுக்கல்லின் மலர்

பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய மயானத்தில்தான் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறையைத் தேடி இன்றும் வெளிநாட்டவர் வருகின்றனர். அட்டன் பக்கம் செய்தி சேகரிக்கச் செல்லும் நாட்களில் நானும் அங்கு போய் நின்றதுண்டு. எனக்கென்னவோ, பழைய துரைமாரை நினைத்தால் முதலில் மனக்கண்ணில் தோன்றுவது அவர்களுடைய சுருட்டுத்தான்.

அந்தச் சுருட்டுக்கு ஒரு தமிழ் வரலாறு உண்டு. கமரன் மறைந்த அதே காலப்பகுதியில் திருச்சிச் சுருட்டு இங்கிலாந்தில் பெயர்பெற்ற பொருளாக இருந்தது. கோனன் டொயிலின் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ், 1887இல் வெளிவந்த தமது முதற்கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டு அது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடித்துவிடுகிறார். எந்த விளம்பரதாரரும் காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம் அது!

காசு கொடுத்துச் செய்த விளம்பரமும் இருந்தது. இலண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் கடை வைத்திருந்த பியூலே நிறுவனம், 'ஃப்ளோர் டி திண்டுக்கல்' என்ற சுருட்டை அக்காலப் பத்திரிகைகளில் ஓயாமல் விளம்பரப்படுத்தியது. 'ஃப்ளோர்' என்றால் ஸ்பானிய மொழியில் மலர். கியூபாவின் ஹவானாச் சுருட்டுகளுக்கு இடும் அடைமொழி அது. அதைத் திண்டுக்கல்லின் முன்னால் ஒட்டியதும் மதுரைச் சீமைப் புகையிலைக்கு ஹவானாவின் மதிப்பு வந்து சேர்ந்தது. இலையைப் பயிரிட்டவரையும் சுருட்டியவரையும் பற்றி வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய தேவை இருக்கவில்லை.

எண்ணிப் பாருங்கள்! மதுரை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்துதான் கங்காணிகள் மலையகத்துக்கு ஆட்களைத் திரட்டினார்கள். ஒரே மண்ணின் இலை பூப்பெயர் சூடி இலண்டனுக்குப் போயிற்று. மக்கள் 'கூலிகள்' என்ற பெயரோடு பொகவந்தலாவை லயங்களுக்கு வந்தார்கள்.

இந்த வித்தை பழையதாகிவிடவில்லை. 1992இல் அமெரிக்காவில் 'சிகார் அஃபிசியனாடோ' என்ற சஞ்சிகை தொடங்கியது. 1996இல் நடிகை டெமி மூர் கையில் சுருட்டுடன் அதன் அட்டையில் தோன்றினார். கிழவர்களின் பழக்கம் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்று, செல்வத்தின் அடையாளமாக மாறி, அங்கு சுருட்டு விற்பனை சில ஆண்டுகள் பொங்கி எழுந்தது.

யாழ்ப்பாணச் சுருட்டுக்கு இத்தகைய அட்டைப்படங்கள் வாய்க்கவில்லை. தென்னிலங்கைக் கிராமங்கள்வரை சென்று கடை போட்ட யாழ்ப்பாண வணிகரே அதன் விளம்பரம். 'சுருட்டுக்கடை' என்று சிங்கள மக்களும் அறியும் அளவுக்கு அவர்கள் அதை நிலைநாட்டினார்கள்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் புகையிலை விளம்பரங்களைத் தடைசெய்தது. நல்ல சட்டம். ஆனால், கொழுந்து பறிக்கும் பெண்கள் வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக்கு அச்சட்டத்துக்கு முன்பும் விளம்பரம் தேவைப்பட்டதில்லை. குளிருக்கு இதம் என்று தாய் மகளுக்குச் சொன்ன ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. வாய்ப்புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகளில் மலையகத் தாய்மார் இன்றும் காத்திருக்கிறார்கள்.