பந்தலோடு வீட்டையும் பிரித்த கதை

சென்ற வாரம் பேரன் தன் லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, 1999-ல் நான் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. வீட்டில்கூட இதுவரை சொன்னதில்லை.

அப்போது எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் ரெட் ஹேட் லினக்ஸ் இருந்தது. அதில் மென்பொருளை ஆர்.பி.எம். என்ற பொட்டலமாகக் கட்டித்தான் ஏற்றுவோம். அந்தக் கருவியை எழுதியவர்கள் மார்க் யூயிங், எரிக் ட்ரோன் என்ற இருவர். 1995 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

பொட்டலம் கட்டுவது கல்யாணப் பந்தல் போடுவது போலத்தான். மென்பொருளை 'பில்ட்ரூட்' என்ற தற்காலிக ஃபோல்டரில் முதலில் நிறுவ வேண்டும். அங்கிருந்து ஃபைல்களை எடுத்துப் பொட்டலமாக்கிய பிறகு பந்தலைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்கிற கட்டளை 'ஆர்எம் -ஆர்எஃப்'. அது கேள்வி கேட்காது. குப்பைத் தொட்டியும் கிடையாது. அழித்தால் அழித்ததுதான்.

பந்தல் எங்கே இருக்கிறது என்று குறிப்பு ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை நான் விட்டுவிட்டேன். ஆனால் கடைசியில் 'பில்ட்ரூட்டில் உள்ள யூஎஸ்ஆர் ஃபோல்டரை அழி' என்று மட்டும் எழுதியிருந்தேன். பில்ட்ரூட் வெறுமையாகப் போனதால், மிஞ்சியது கம்ப்யூட்டரின் நிஜமான யூஎஸ்ஆர். புரோகிராம்களில் பெரும்பாலானவை இருக்கிற இடம் அது. போதாததற்கு, எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' கணக்கில் இருந்தேன். தடுக்க ஆள் இல்லை. இரண்டு இரவு கண்விழித்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். கணக்கு விவரங்கள் வேறு இடத்தில் இருந்ததால் வேலை தப்பியது.

விவரம் தெரிந்தவர்கள் அப்போதே இரண்டு காப்பு வைத்திருந்தார்கள். ஒன்று, 'பில்ட்ரூட் என்பது "/" இல்லை என்றால் மட்டும் அழி' என்ற வரி. மற்றது, ரூட்டில் வேலை செய்யாமல் சாதாரணக் கணக்கில் கட்டுவது. முதலாவது என்னைக் காப்பாற்றியிருக்காது. இரண்டாவது நிச்சயம் காப்பாற்றியிருக்கும்.

பிறகு கருவிகளே பொறுப்பை எடுத்துக்கொண்டன. 2006-ல் குனு திட்டத்தின் ஆர்எம், "/" முழுவதையும் அழிக்கச் சொன்னால் தானாகவே மறுக்கத் தொடங்கியது. 2009-ல் வந்த ஆர்.பி.எம். 4.6, பில்ட்ரூட் இடத்தைத் தானே முடிவு செய்தது. 2010-ல் வந்த 4.8, நாம் எழுதாவிட்டாலும் தானே சுத்தம் செய்தது.

அப்படியும் 2011-ல் பம்பிள்பீ என்ற மென்பொருளின் நிறுவல் ஃபைலில், யூஎஸ்ஆருக்குப் பின்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தது. அதை ஏற்றியவர்கள் என்னைப் போலவே யூஎஸ்ஆரை இழந்தார்கள்.

கவனமாக இரு என்று எத்தனை முறை சொன்னாலும் மனிதன் ஒருநாள் தவறுவான். தவறினாலும் சேதம் வராதபடி ஏற்பாடு செய்வதுதான் புத்திசாலித்தனம். பேரனிடம் ஒன்றுதான் சொன்னேன்: "ரூட்டில் உட்கார்ந்து எதையும் கட்டாதே, ராஜா!"