ஒரு சின்னத் துண்டும் பத்து வருசமும்

"சமஷ்டி" எண்டு கேட்டாலே எங்கடை ஆக்களுக்குத் தந்தை செல்வாதான் ஞாபகத்துக்கு வருவார். அமெரிக்காவுக்கு வந்தாப்பிறகுதான் அந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் இருக்கெண்டு கண்டன். சமஷ்டி வழக்கு! அதிலை சிறைக்குப் போனால் பரோல் இல்லை (1987 நவம்பருக்குப் பிறகு செய்த குற்றங்களுக்கு அதை எடுத்துப்போட்டாங்கள்).

கொஞ்ச வருசமா இந்த வழக்குகளிலை அடிக்கடி அடிபடுற சாமான் ஒண்டு இருக்கு. சில்லறைக்காசு அளவுதான். கைத்துவக்கிலை கொழுவினால், விசையை ஒருக்கா இழுக்க, விரலை எடுக்குமட்டும் சுட்டுக்கொண்டே இருக்கும். பொடியள் அதைச் "சுவிச்" எண்டு சொல்லுவாங்கள். துவக்கே இல்லாமல் அந்தத் துண்டை மட்டும் பொக்கற்றுக்குள்ளை வைச்சிருந்தாலும் சட்டத்தின்ரை கண்ணிலை அது முழு மெசின்கன். ஒரு துண்டுக்கு எப்பிடி முழுச் சாமானின்ரை பேர் வந்தது?

கதை சிக்காகோவிலை துவங்குது. 1929 பெப்ரவரி 14. மதுவிலக்குக் காலத்துச் சண்டியர் கூட்டம் ஒண்டு ஏழு பேரை ஒரு கராஜ் சுவரோடை நிப்பாட்டிச் சுட்டது. பாவிச்சது தொம்சன் மெசின்கன். முதலாம் உலக யுத்தத்துக்கெண்டு யோசிச்ச சாமான், யுத்தம் முடிஞ்சாப்பிறகுதான் சந்தைக்கு வந்தது. விலை கிட்டத்தட்ட 200 டொலர்.

1934இலை றூஸ்வெல்ற் தேசியத் துவக்குச் சட்டத்திலை கையெழுத்து வைச்சார். பாருங்கோ, அதிலை தடை இல்லை, வரிதான். மெசின்கன் கைமாற 200 டொலர் வரி, அதோடை பதிவு. நேரடியாத் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கோ எண்டு அந்த நாளிலை சந்தேகம். வரி போடுற அதிகாரத்திலை ஆருக்கும் சந்தேகம் இல்லை. சாமானின்ரை விலைக்குச் சமனா வரி போட்டால் ஆர் வாங்குவான்? அந்த 200 இண்டைக்கும் 200தான். 2025இலை வந்த சட்டம் சைலன்சருக்கும் குட்டைக்குழல் துவக்குகளுக்கும் வரியைப் பூச்சியமாக்கினது, மெசின்கன்னிலை கை வைக்கேல்லை.

1968 ஜனவரியிலை ஒரு ஓட்டை விழுந்தது. களவா வைச்சிருக்கிறவனைப் பதியச் சொல்லுறது தன்னைத்தானே காட்டிக்குடுக்கச் சொல்லுற மாதிரி எண்டு ஹெயின்ஸ் வழக்கிலை உச்ச நீதிமன்றம் சொல்லிப்போட்டுது. அதே வருசம் ஒக்ரோபரிலை காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி ஓட்டையை அடைச்சுது. அந்தத் திருத்தத்தோடைதான் துண்டுகளும் உள்ளுக்கு வந்தது. துவக்கை மெசின்கன்னா மாத்தவெண்டு செய்த பாகங்களைச் சேர்த்து வைச்சிருந்தால் அதுவும் மெசின்கன். 1986இலை இன்னும் ஒரு படி மேலை போய், அந்த வேலைக்கு மட்டும் எண்டு செய்த தனி ஒரு பாகமும் மெசின்கன் ஆச்சுது.

பகிடி என்னெண்டால், 1986 சட்டத்தின்ரை பேர் துவக்குச் சொந்தக்காரர் பாதுகாப்புச் சட்டம்! நியூ ஜேர்சி உறுப்பினர் வில்லியம் ஹியூஸ் கடைசி நேரத்திலை ஒரு திருத்தத்தைச் செருகிவிட்டார். மே 19க்கு முந்திச் சட்டப்படி வைச்சிருந்ததைத் தவிர, சனம் மெசின்கன் வைச்சிருக்கக் கூடாது. றேகனும் கையெழுத்து வைச்சார். வெறுமனே வைச்சிருந்ததுக்கே பத்து வருசம் வரைக்கும். போதைப்பொருள் வியாபாரத்துக்குத் துணையா வைச்சிருந்தால் ஆகக் குறைஞ்சது முப்பது.

சட்டம் கடுமைதான், ஆனால் தேவை எண்டுதான் நான் நினைக்கிறன். 2022 ஏப்ரலிலை சக்ரமென்ரோவிலை ஆறு பேர் செத்த இடத்திலை இப்பிடி மாத்தின கைத்துவக்கு ஒண்டை எடுத்தவை. ஏரிஎஃப் கணக்கின்படி 2012 - 2016 காலத்திலை பிடிபட்ட மாத்துக்கருவிகள் 814. அடுத்த ஐஞ்சு வருசத்திலை 5,454.

எண்டாலும் 1994 ஸ்ரேபிள்ஸ் தீர்ப்பு எனக்குப் பிடிச்ச தீர்ப்பு. தன்ரை கையிலை இருக்கிறது என்ன செய்யும் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருந்தது எண்டதை அரசாங்கம் நிரூபிக்கவேணும்.

என்னோடை குசினியிலை நிக்கிற பொடியன் ஒருத்தன், "அண்ணை, அதை இப்ப கோர்ட் விட்டிட்டுதாமே" எண்டான். அவன் கேள்விப்பட்டது வேறை சாமான். 2017 லாஸ் வேகாஸ் படுகொலையிலை பாவிச்ச பம்ப் ஸ்ரொக். அதிலை ஒவ்வொரு சூட்டுக்கும் விசை திரும்ப இயங்குது, அதாலை அது மெசின்கன் இல்லை எண்டு 2024 ஜூனிலை உச்ச நீதிமன்றம் சொன்னது. சுவிச் அப்பிடி இல்லை. ஒரே இழுவைதான். அந்தத் தீர்ப்பு சுவிச்சுக்காரனைக் காப்பாத்தாது.

இந்தச் சாமான் சீனாவிலை இருந்து தபாலிலை, விளையாட்டுச் சாமான் எண்டும் கழுத்துச் சங்கிலி எண்டும் பொய் லேபலோடை வந்திருக்கு. 2024 செப்ரெம்பரிலை நீதித் திணைக்களம் 350க்கு மேற்பட்ட இணையத் தளங்களின்ரை முகவரிகளைக் கைப்பற்றினது. மலிவாக் கிடக்கெண்டு எங்கடை பிள்ளையளும் வாங்கக்கூடும்.

அகதியா வந்து கிறீன் காட்டோடை நிக்கிற எங்களுக்குச் சிறையோடை கதை முடியாது. குடிவரவுச் சட்டம் இந்தக் குற்றத்தை மோசமான பெருங்குற்றப் பட்டியலிலை வைச்சிருக்கு. குடியுரிமை இல்லாதவன் தண்டனை முடிய நாடு கடத்தப்படலாம், எத்தினை வருசம் இருந்தாலும். 2010இலை பாடிலா வழக்கிலை உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஒப்புக்கொள்ள முந்தி நாடு கடத்தல் ஆபத்தைக் கட்சிக்காரனுக்குச் சொல்லவேண்டியது வக்கீலின்ரை கடமை எண்டு தீர்ப்புச் சொன்னது. அந்தாள் நாப்பது வருசம் இங்கை சட்டப்படி இருந்தவர், வியற்நாம் யுத்தத்திலை அமெரிக்காவுக்காகப் போனவர். இவ்வளவு காலம் இருந்தனீர், பயப்பிடத் தேவையில்லை எண்டுதான் அவரின்ரை வக்கீல் சொல்லியிருந்தவராம்.