பலகாரத் தட்டு: நம் திருநாள் வழக்கம் ஒன்றின் வரலாறு

யூபிலி மலர் என்றால் அதில் ஆலயம் எழுந்த வரலாறு இருக்கும். பங்குத் தந்தையரின் பெயர் வரிசை இருக்கும். மணிக்கூண்டுக்கும் கெபிக்கும் கொடிமரத்துக்கும் உதவியோரின் பட்டியலும் இருக்கும். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் எந்த மலரிலும் இடம் பெறாத வரலாறு ஒன்று நம் வீட்டு அடுப்படிகளில் கிடக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவன்று, வீட்டில் சுட்ட பலகாரங்களைத் தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, அண்டை அயலாருக்குக் கொடுத்தனுப்பும் வழக்கத்தையே குறிப்பிடுகிறோம். அதைப் பற்றிய சில செய்திகளை இங்கே தொகுத்துத் தர விழைகிறோம்.

இவ்வழக்கம் வேதாகமத்துக்குப் புதிதன்று. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பிய யூத மக்கள், எஸ்ரா வாசித்த திருச்சட்டத்தைக் கேட்டு அழுதபோது, அவர்களை அழ வேண்டாமென்று தேற்றி, நல்ல உணவை உண்டு இனிய பானத்தைப் பருகுமாறும், ஒன்றும் தயாரித்து வைக்காதவர்களுக்குப் பங்கு அனுப்புமாறும் சொல்லப்பட்டதாக நெகேமியா நூலின் 8-ஆம் அதிகாரம் கூறுகிறது. எஸ்தர் நூலின் 9-ஆம் அதிகாரமோ, பூரிம் திருநாளில் ஒருவருக்கொருவர் உணவுப் பங்குகளையும், ஏழைகளுக்கு நன்கொடைகளையும் அனுப்பச் சொல்கிறது. யூதர்கள் இன்றும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். விருந்துக்கு அழைப்பது ஒன்று; விருந்தையே வீடு தேடி அனுப்புவது மற்றொன்று. இரண்டாவது வழக்கத்தின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதைக் கவனியுங்கள்.

தொடக்கத் திருச்சபையிலும் இது தொடர்ந்தது. கிறிஸ்தவர்கள் தங்களிடையே உள்ள ஒன்றிப்பின் அடையாளமாக ஆசீர்வதித்த அப்பத்தை ஒருவருக்கொருவர் அனுப்பி வந்தனர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலி நாட்டு நோலா நகரிலிருந்து புனித பவுலீனுஸ், ஆப்பிரிக்காவிலிருந்த புனித அகுஸ்தினாருக்கு மடல் எழுதியபோது, அதனுடன் ஓர் அப்பத்தையும் அனுப்பி வைத்தார். இருவரும் அதுவரை நேரில் கண்டதில்லை. முகம் காணாத நண்பருக்கு முதலில் போய்ச் சேர்ந்தவை ஒரு மடலும் ஓர் அப்பமுமே!

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1542-ல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் கற்பித்தார். செபம் புதிது, அடுப்பு பழையதாகவே இருந்தது. நம் முன்னோர் புதிய திருநாளைத் தங்கள் பழைய பலகாரங்களைக் கொண்டே கொண்டாடினார்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்து, வெல்லப் பாகில் கிளறிச் சில நாட்கள் புளிக்க வைத்துச் சுடும் அதிரசம். கைவிரலால் சுற்றும் முறுக்கு. அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விடும் அச்சு முறுக்கு. இவை இந்து சகோதரர் வீட்டிலும் உண்டு, நம் வீட்டிலும் உண்டு.

குமரி, நெல்லை மாவட்டங்களில் முந்திரிக்கொத்து என்றொரு பலகாரம் உண்டு. சிறுபயற்றை வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய்ப்பூ, எள், ஏலம், சுக்கு ஆகியவற்றுடன் பாகில் கலந்து உருட்டுவார்கள். உருண்டைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து, மஞ்சள் கலந்த அரிசி மாவில் தோய்த்துப் பொரித்தெடுப்பார்கள். அதில் முந்திரிப் பருப்பு இல்லையே என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. முந்திரி என்ற சொல்லுக்குத் திராட்சை என்ற பொருளும் உண்டு. திராட்சைக் குலைபோல் இருப்பதால் அப்பெயர். பனைமரம் கோடையில்தான் பதநீர் தரும். ஆகவே கோடையில் காய்ச்சிய கருப்பட்டியை அடுப்புக்கு மேல் பரணில் புகை படும்படி சேமித்து வைத்து, மார்கழியில் எடுத்தார்கள். திருநாள் தட்டின் வேலை ஏறக்குறைய அரையாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று இதற்குப் பொருள்.

இந்தப் பலகாரங்கள் பல நாட்கள் கெடாதவை என்பதற்கும் காரணம் உண்டு. கெட்டிப் பாகும் எண்ணெயில் பொரிப்பதும் ஈரத்தை நீக்கிவிடுகின்றன. கெடாத பண்டமே வீடு விட்டு வீடு போக முடியும். ஊர் விட்டு ஊர் போக முடியும். மணமான மகள் வீட்டுக்கு ஓலைப்பெட்டியில் அனுப்பவும் முடியும்.

பெரியவர்கள் மறவாத இன்னொரு செய்தி: முன்பு கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமுமாக இருந்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதை வகுத்திருந்தது. 1966-ல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் நோன்பு விதிகளைத் திருத்தியபோதுதான் அக்கடமை நீங்கியது. அதாவது, நாள் முழுவதும் எண்ணெய்ச் சட்டி முன் அமர்ந்து, நெய் மணமும் ஏல மணமும் மூக்கைத் துளைக்க, பலகாரம் சுட்ட நம் பாட்டிமார் அதில் ஒன்றையும் வாயில் போடவில்லை. நடுநிசிப் பூசை முடியும்வரை பிள்ளைகளும் மூடிய பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாம் சுவைக்கும் முன்பே பிறர் பங்கை எடுத்து வைத்தவர்கள் அவர்கள்.

பானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேனாடுகளில் திருநாளுக்கு வீட்டில் வடித்த திராட்சை மதுவைப் பரிசளிப்பார்கள். நம் மாநிலத்திலோ, 1937-ல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இஞ்சி ஒயின் என்றொரு பானம் வழக்கத்தில் இருந்தது. இஞ்சி, மிளகாய் வற்றல், கிராம்பு, பட்டை ஆகியவற்றைக் கொதிக்க வைத்து, கருக்கிய சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பது அது. பெயரில்தான் ஒயின், புளிக்க வைப்பதில்லை, போதையும் இல்லை. மார்கழிக் குளிருக்குத் தொண்டைக்கு இதம். இந்தப் பானமும் சிறு புட்டிகளில் அயல் வீடுகளுக்குச் சென்றது.

இனி தட்டின் முக்கியமான விதிக்கு வருகிறோம். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதே அது. தங்கள் வீட்டுப் பலகாரம் இருந்தால் அதை வைப்பார்கள். இல்லையேல் ஒரு கை சர்க்கரை, இரண்டு பழம், வெற்றிலை பாக்கு. தீபாவளிக்கு இந்து வீட்டிலிருந்து அதிரசம் வரும். ரம்சானுக்கு இஸ்லாமியர் வீட்டிலிருந்து பிரியாணி வரும். கிறிஸ்மஸுக்கு நம் தட்டு போகும். ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கும் இந்தத் தட்டு, பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளையும் மறுபடி பேச வைத்ததுண்டு.

ஆயினும் உண்மையை மறைக்காமல் எழுதுவதே வரலாறு. எல்லா வீட்டுக்கும் தட்டு போகவில்லை. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தெ நொபிலி, பிராமணச் சமையற்காரர் சமைத்த சைவ உணவையே உண்டார். அக்காலச் சமுதாயத்தில் மேற்குலத்தாரிடம் பழக அது தேவையாயிருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களிடையே பணியாற்ற 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற வேறு குருக்கள் வேண்டியிருந்தார்கள். விசுவாசம் ஒன்று; உலை வேறு, இலை வேறு! நெல்லை மறைநாட்டில் வடக்கன்குளம் கோயிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டபோது, அதை மீண்டும் எழுப்பக் கேட்டு வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை.

கோயிலில் இருந்த சுவர் தெருவிலும் இருந்தது. உற்றாருக்குத் தட்டில் போன பலகாரம், வயலில் உழைத்தவர்களுக்கும் துணி வெளுத்தவர்களுக்கும் கொல்லைப்புறத்தில் வைத்து, முந்தானையிலோ துண்டிலோ கொட்டப்பட்டது. பண்டம் ஒன்றே, பாத்திரம் வேறு. தட்டு போனால் தட்டு திரும்பி வரும். அது திரும்பும்போது அவர்கள் வீட்டுப் பண்டமும் கூட வரும். அதை உண்ண வேண்டியிருக்கும். முந்தானையில் கொட்டினால் எதுவும் திரும்பி வராது. கொடுப்பதற்குத் தயங்காதவர்கள், வாங்கி உண்பதற்கே தயங்கினார்கள். ஆகவேதான், கொடுப்பது மட்டும் உறவாகிவிடாது என்று இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. ஏழைக்கு ஈவது தருமம்; ஏழை வீட்டு முறுக்கை வாங்கி, அவர் கண்முன் கடித்துத் தின்பதே சகோதரத்துவம். திவ்விய நற்கருணையில் ஒரே அப்பத்தை உண்போர்க்கு இதற்கு மேலும் விளக்கம் வேண்டுமா?

காலம் மாறிவிட்டது. 1883-ல் தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் செய்ததாகச் சொல்லப்படும் கிறிஸ்மஸ் கேக், இன்று ஊருக்கு ஊர் அடுமனைகளில் கிடைக்கிறது. உரல் போய் மாவு ஆலை வந்தது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு வாரக்கணக்கில் பலகாரம் சுட நேரமில்லை. கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டியைக் கொடுப்பதில் குற்றமொன்றும் காண மாட்டோம். அடுப்படிப் பாரம் முழுவதையும் பெண்கள் தலையிலேயே சுமத்திவிட்டு, பழமை பேசுவது நியாயமும் ஆகாது. ஆண்களும் உலக்கை பிடித்தால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தட்டு திரும்பி வந்தது, அட்டைப்பெட்டி திரும்பி வருவதில்லை. கொடுத்தோம், முடிந்தது என்று ஆகிவிடுகிறது.

இஸ்ராயேல் மக்களின் யூபிலி ஆண்டில், இழந்தவர் தம் நிலத்துக்கும் தம் குடும்பத்துக்கும் திரும்பினார்கள் என்று லேவியராகமம் கூறுகிறது. திரும்புதலே யூபிலியின் பொருள். ஆகவே அன்பார்ந்த பங்கு மக்களே, வரும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒவ்வொரு குடும்பமும், இதுவரை தட்டு போகாத ஒரு வீட்டுக்கு ஒரு தட்டு அனுப்புவோமாக. அட்டைப்பெட்டி வேண்டாம், திருப்பித் தர வேண்டிய நல்ல பித்தளைத் தட்டாகவோ எவர்சில்வர் தட்டாகவோ இருக்கட்டும். பலகாரம் நான்கே போதும். அந்தத் தட்டு திரும்பி வரும்போது அதில் என்ன இருந்தாலும், வீட்டார் அனைவரும் பகிர்ந்து உண்போமாக.