மார்மைட் உருண்டையிலிருந்து டெலோமரேஸ் வரை: கேகாலை வழியே ஒரு குருதி வரலாறு

சப்ரகமுவைத் தோட்டப் பக்கங்களில் ஒருவர் முகம் வெளிறி, மூச்சு வாங்கி, மலையேற முடியாமல் நின்றால் சனங்கள் சொல்வது ஒன்றுதான்: "ஒடம்புல ரத்தம் பத்தல." லயத்துப் பேச்சும் அதுதான், மாவனெல்லைக் கடைத்தெருப் பேச்சும் அதுதான். அந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய மருத்துவத்துக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தப் பயணத்தில் எங்கட கேகாலைக்கும் ஓர் இடம் உண்டு.

1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின, நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய மலேரியாவில் நாடு முழுவதும் சுமார் 80,000 பேர் மாண்டனர். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கேகாலையும் ஒன்று. நிவாரணத்துக்குப் போன சூரியமல் இயக்கத் தொண்டர்கள், காய்ச்சலோடு பட்டினியும் சனங்களை உருக்குவதைக் கண்டார்கள். கொய்னாவோடு, மார்மைட் என்னும் மதுவச் சாற்றை உருண்டைகளாகப் பிடித்துக் கொடுத்தார்கள். பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' என்ற பெயரே நிலைத்தது. 1936இல் றுவன்வெல்லைத் தொகுதியில் அவர் வென்றார்.

மார்மைட்டுக்கும் குருதிக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு விடை பம்பாயில் கிடைத்திருந்தது. 1928இல் அங்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளைக் கொல்லும் ஒருவகைக் குருதிச்சோகையை ஆராய்ந்தார். ஏழை முஸ்லிம் பெண்களே அதற்கு அதிகம் பலியாகினர். அவர்களது உணவே மிகவும் குறைபாடானதாக இருந்தது. மார்மைட் கொடுத்ததும் அவர்கள் தேறினர். இதை அவர் 1931இல் வெளியிட்டார். பெயர் பதியப்படாத அந்த உம்மாமார்களின் குருதியிலிருந்துதான் ஒரு பெரிய அறிவு பிறந்தது. அவர்களுக்குக் குறைவாக இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்று பின்னர் தெரிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையேற்றிருந்த அமெரிக்க ஆய்வகம் 1945இல் அதைச் செயற்கையாக உருவாக்கியது.

இங்கேதான் கதை திரும்புகிறது. குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் நோயை விரைவுபடுத்துவதாக பொஸ்டனின் சிட்னி ஃபார்பர் எண்ணினார். அப்படியானால் அதைத் தடுத்தால் என்ன? சுப்பாராவின் குழுவினர் அதற்கு எதிர்மருந்தைச் செய்து கொடுத்தனர். 1948இல் ஃபார்பர் வெளியிட்ட முடிவில் 16 குழந்தைகளில் 10 பேர் தற்காலிகமாகத் தேறியிருந்தனர். நலமான குருதியை வளர்த்த அதே பொருள்தான் புற்றையும் வளர்த்தது.

இதே பாடத்தை அறிவியல் இன்னொரு முறையும் படித்தது. நமது நிறமூர்த்தங்களின் நுனிகளில் டெலோமியர் என்னும் காப்பு உண்டு. சப்பாத்துக் கயிற்றின் நுனிக் குப்பி போல. கலம் பிரியும்போதெல்லாம் அது கொஞ்சம் தேயும். மிகவும் தேய்ந்தால் கலம் பிரிவதை நிறுத்திவிடும். தேய்ந்ததை மீண்டும் நீட்டும் நொதியம்தான் டெலோமரேஸ். 1984ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று கரோல் கிரைடர், தன் ஆசிரியை எலிசபெத் பிளாக்பேர்னின் ஆய்வகத்தில், குளத்து நீரில் வாழும் ஒருகல உயிரொன்றில் அதன் அடையாளத்தைக் கண்டார். 2009இல் இருவரும் ஜாக் ஷோஸ்டாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

1994இல் வந்த ஓர் ஆய்வு, புற்றுக் கலங்களில் டெலோமரேஸ் இயங்குகிறது, உடலின் சாதாரண இழையங்களில் இல்லை என்றது. நலமானவருக்குத் தீங்கில்லாமல் புற்றை மட்டும் அழிக்கலாம் என்ற ஆசை துளிர்த்தது. மறு ஆண்டே குருதி அந்த எளிய கணக்கைக் குழப்பியது. நலமானவரின் வெண்குருதிக் கலங்களிலும் என்பு மச்சையிலும் டெலோமரேஸ் சிறிதளவு இயங்குவதை 1995இல் வெவ்வேறு குழுக்கள் காட்டின. இதில் வியப்பில்லை. மச்சை ஒரு நாளைக்கு ஏறத்தாழ இருபதாயிரம் கோடி செங்கலங்களை ஆக்க வேண்டும். நோயை எதிர்க்கும் கலங்களும் தேவை வந்ததும் பெருக வேண்டும். தீவிர குருதிப் புற்றில் இந்த இயக்கம் பெரும்பாலும் மிக அதிகம். இந்த நொதியத்தில் பிறவிக் குறை உள்ள சிலருக்கோ மச்சையே வற்றிப் போகிறது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

2024 ஜூனில் அமெரிக்கா அனுமதித்த இமெடெல்ஸ்டாட் என்ற மருந்து டெலோமரேஸைத் தடுக்கிறது. மச்சைக் கோளாறால் அடிக்கடி குருதி ஏற்றவேண்டிய ஒரு பகுதி நோயாளருக்கு அது உதவுகிறது. ஆனால் நலமான வெண்கலங்களையும் குருதித் தட்டுக்களையும் அதுவே குறைப்பதால் கண்காணிப்போடுதான் கொடுக்கிறார்கள்.

இனி நம் மலைப் பக்கம் திரும்புவோம். 'ரத்தம் பத்தல' என்பது உணவுக் குறையாக இருக்கலாம், கொக்கிப்புழுவாக இருக்கலாம், மச்சையின் நோயாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல யாராலும் இயலாது. வெளிறலோடு விடாத காய்ச்சல், காரணமில்லாத கன்றல், முரசில் இரத்தக் கசிவு இருந்தால் சத்து மாத்திரையோடு நின்றுவிடாமல் முழுக் குருதி எண்ணிக்கைப் பரிசோதனை செய்ய வேண்டும். தேவைப்பட்டால் வைத்தியர் மஹரகமைக்கு அனுப்புவார். 1935இல் கேகாலைக்காரருக்குக் கையில் இருந்தது ஓர் உருண்டை மட்டுமே. இன்று கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது: ரத்தம் ஏன் பத்தல?