வேலூர்த் தாய்மாரின் கையொப்பம்

ஆம்பூர் செருப்பு கப்பலேறிப் போகிறது, தோல் கழிவு பாலாற்றில் தங்குகிறது. மருந்துப் பரிசோதனைகளையும் இதே கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். வேலூரில் நடந்த ரோட்டாவேக் பரிசோதனை அந்தக் கணக்குக்குள் அடங்காது.

ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்து அது. வைரஸ் டெல்லிக் குழந்தையிடம் கிடைத்தது; தயாரித்தது ஹைதராபாத்தின் பாரத் பயோடெக். வேலூர் ஆய்வை முன்னின்று நடத்தியவர் சி.எம்.சி.யின் ககன்தீப் காங், ஒரு பெண் விஞ்ஞானி. டெல்லி, புனே, வேலூர் மூன்றிலும் சேர்த்து 6,799 கைக்குழந்தைகள். அவர்களில் 2,267 பேருக்கு மருந்தே இல்லாத வெறும் சொட்டு.

அதைக் கொடுக்கத் தொடங்கிய 2011இல் வேறு இரண்டு ரோட்டா மருந்துகள் இந்தியத் தனியார் மருத்துவமனைகளில் விலைக்குக் கிடைத்தன. எல்லா நாடுகளும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே பரிந்துரைத்திருந்தது. அரசுத் திட்டத்தில் அவை இல்லை, ஏழை நாடுகளில் அவற்றின் பலன் குறைவு என்று நியாயம் சொல்லப்பட்டது. இரண்டும் உண்மைதான். ஆனால் அரசு தராததால் பரிசோதனையிலும் தர வேண்டியதில்லை என்ற முதல் வாதம் எனக்கு உறுத்துகிறது. அரசை நம்பியிருக்கும் பிள்ளைக்குத்தானே அந்த விதி?

கையொப்பமிட்ட தாயை நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளை பெற்று ஆறேழு வாரம். வேலூரின் நெரிசலான தெருக்களில் வீட்டிலேயே பீடி சுற்றும் பெண்கள் அதிகம். கை நின்றால் கூலி நிற்கும். ஆய்வில் சேர்ந்தால் வாராவாரம் ஆள் வந்து பிள்ளையைப் பார்ப்பார், நோய் வந்தால் மருத்துவம் கிடைக்கும். வெறும் சொட்டு வாங்கிய பிள்ளைக்கும் அந்தக் கவனிப்பு உண்டு. அதை விட்டுவிட்டு வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்? ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதிய வேண்டும் என்ற உத்தரவு 2013இன் இறுதியில்தான் வந்தது. அதற்குள் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலை முடிந்திருந்தது.

2014இல் முடிவுகள் வெளியாயின. கடுமையான வயிற்றுப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 2016இல் மருந்து அரசுத் திட்டத்துக்குள் வந்தது. இதைச் சிறிதென்று சொல்ல மாட்டேன்.

குடல் சொருகல் என்ற ஆபத்தால் 1999இல் அமெரிக்காவில் ஒரு ரோட்டா மருந்தே திரும்பப் பெறப்பட்டது. அதனால்தான் வேலூர்க் குழந்தைகளின் எண்ணிக்கையைத் தனியே வெளியிடுங்கள் என்று பொதுச் சுகாதாரச் செயற்பாட்டாளர்கள் கேட்டார்கள். மையவாரியாகப் பிரித்தால் புள்ளியியலில் பொருளிருக்காது என்பது பதில். புள்ளியியல் அப்படியே இருக்கட்டும். தன் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்குக் குடல் சொருகியது என்று ஒரு வேலூர்க்காரி கேட்டால், அவளிடம் இதே பதிலைச் சொல்ல முடியுமா?