தீபனில் பாதி யாருடையது? ஷோபாசக்தியின் நடிப்பு குறித்து வன்னியிலிருந்து ஒரு மறுவாசிப்பு

ஷோபாசக்தி என்ற நடிகரைப் பற்றி எழுதுகிற எவரும் ஒரு கூற்றை எடுத்தாளாமல் விடுவதில்லை. ழாக் ஓடியார் இயக்கிய ‘தீபன்’ 2015 மே மாதம் கான் விழாவில் தங்கப்பனை விருதை வென்றபோது, தம் பாத்திரத்தில் ஏறத்தாழப் பாதி தம்முடைய வாழ்க்கையே என்று அவர் செய்தியாளர்களிடம் கூறினார். அன்று சொன்ன அந்தக் கணக்கே படத்துக்கு உரையாகவும் நின்றுவிட்டது. முன்னாள் போராளி ஒருவர் முன்னாள் போராளியாகத் தோன்றினார், ஆகவே அதில் நடிப்பைவிட நினைவே அதிகம் என்பது அந்த உரையின் சாரம். அவருடைய நடிப்புக்கு முதல் உரையாசிரியர் அவரே. இக்கட்டுரை மறுப்பதும் அவருடைய வாசிப்பைத்தான்.

ஆண்டுகளை வரிசைப்படுத்தினாலே சிக்கல் புலப்படும். அன்ரனிதாசன் யேசுதாசன் என்ற இயற்பெயர் கொண்ட ஷோபாசக்தி அல்லைப்பிட்டியில் 1967இல் பிறந்து, பதின்ம வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, இருபது வயதை எட்டுமுன் விலகினார். சேர்ந்த ஆண்டு 1983 ஜூலையை ஒட்டியது என்பதற்குமேல் அதை இறுக்கிச் சொல்ல விரும்பவில்லை. என் வாதத்துக்கு அது தேவையுமில்லை. எண்பதுகளின் இறுதியில் நாட்டைவிட்டு வெளியேறி, தாய்லாந்தில் சில ஆண்டுகள் அகதியாக இருந்து, 1993இல் பிரான்ஸை அடைந்தார். அங்கே உணவகங்களில் கோப்பை கழுவினார். அவருடைய நாவல்களான ‘கொரில்லா’ 2001இலும் ‘ம்’ 2004இலும் வெளிவந்தன. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது அவர் பிரான்ஸுக்குப் போய்ப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

படத்தின் சிவதாசனோ வன்னிப் போரின் முடிவில் சீருடையைக் கழற்றுகிறவன். இறந்துபோன தீபன் என்பவனுடைய கடவுச்சீட்டில், மனைவியாக ஒரு பெண்ணையும் மகளாக ஒரு சிறுமியையும் சேர்த்துக்கொண்டு பிரான்ஸ் போகிறான். பொய்க் கடவுச்சீட்டு, அகதி விசாரணை, அந்நிய நகரத்தில் கூலி வேலை ஆகியவை ஷோபாசக்தியின் வாழ்விலிருந்து வந்தவை என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவை பயணத்தின் அனுபவங்கள். அந்தப் பாத்திரத்தை ஆட்டிப்படைக்கிற போர் 2008, 2009ஆம் ஆண்டுகளின் வன்னிப் போர். அந்தப் போர் அவருடைய ‘பாதி’க்குள் அடங்காது.

இதற்குச் சான்றாகப் படத்தின் முதற்காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். தோழர்களின் உடல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சிவதாசன் மேலே ஓலைகளைப் பரப்புகிறான், தீ மூட்டுகிறான், தன் சீருடையையும் அந்த நெருப்பில் போடுகிறான். உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் போய்வருகிறவர்களுக்குக் கனகபுரம் மாவீரர் துயிலும் இல்லம் அறிமுகமான இடம். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இயக்கம் தன் போராளிகளை எரிக்கவில்லை. அவர்களின் உடல்களை வித்துடல்கள் என்று மண்ணில் விதைத்தது, வரிசை வரிசையாகக் கல்லறை எழுப்பியது. தகனம் அதற்கு முந்திய காலத்து வழக்கம், அதாவது ஷோபாசக்தி இயக்கத்தில் இருந்த காலத்து வழக்கம். 2009இன் வன்னி என்று காட்டப்படும் காட்சியில் எண்பதுகளின் சிதை எரிகிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். இறுதி நாட்களில் முறைப்படி விதைக்க இடமோ அவகாசமோ இருக்கவில்லை, எனவே எரித்திருக்கக்கூடும் என்பது ஒன்று. சிதை இயக்குநரின் கற்பனை, நடிகருக்கு அதில் பங்கில்லை என்பது மற்றது. இரண்டையும் முற்றாகத் தள்ளிவிட என்னால் இயலாது. திரைக்கதையில் ஓடியாரோடு தோமா பிதெகேனும் நோயே தெப்ரேயும் இருந்தார்கள். சிதை யார் கையிலிருந்து வந்தது என்பதைப் படத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வழியில்லை. ஆனாலும், படம் தன்னை வன்னி என்று அறிவிக்கிற அந்த ஒரே இடத்தில்தான் வன்னியின் வழக்கம் இல்லாமற் போகிறது. அது நடிகரின் இளமை நினைவாக இருந்தால், அவருடைய ‘பாதி’ எண்பதுகளுக்கு உரியது. இயக்குநரின் கற்பனையாக இருந்தால், அது நடிகருடைய பாதியே அல்ல. எப்படிப் பார்த்தாலும் அக்காட்சி 2009க்குத் தன்வரலாற்றுச் சான்றாக நிற்காது.

படத்தில் வன்னி வந்து சேர்வது பாரிஸின் புறநகரில்தான். தீபன் பராமரிப்பாளனாக வேலை பார்க்கும் தொடர்மாடிக் குடியிருப்பில் போதைக் கும்பல்கள் சுட்டுக்கொள்கின்றன. ஒருநாள் அவன் முற்றத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்றை இழுத்து, இது சூடு கூடாத வலயம் என்று அறிவிக்கிறான். அந்தக் கோட்டின் வரலாறு இங்கேயுள்ளவர்களுக்கு விளக்கவுரை வேண்டாதது. உருத்திரபுரம் உட்படக் கிளிநொச்சியின் மேற்குக் கிராமங்கள் 2008இன் பிற்பகுதியில் இடம்பெயர்ந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று கிழக்கே ஒதுங்கின. 2009 ஜனவரியில் சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பகுதியைப் பாதுகாப்பு வலயம் என்றார்கள். பெப்ரவரியில் அது மாத்தளன் கரையோரத்துக்கு மாறியது. மே மாதத்தில் மேலும் குறுகியது. மூன்று வலயங்களுக்குள்ளும் எறிகணை விழுந்தது. அப்படியொரு கோட்டை நம்பிப் போனவர்களின் அனுபவத்தை, அங்கே இல்லாத ஒருவர் தம் உடலில் ஏற்றுக்கொண்டு அக்காட்சியில் நடக்கிறார். கும்பலின் ஆட்கள் மறிக்கிறார்கள். அவர் நிமிர்ந்தும் பாராமல் வேலையைத் தொடர்கிறார். கேட்டும் வாசித்தும் எழுதியும் திரட்டிய அறிவு அங்கே நடையாகவும் தோளாகவும் மாறியிருக்கிறது. நடிப்பு என்று நான் சொல்வது அதைத்தான்.

எளிய மனிதர் ஒருவர் திரையில் தோன்றினால் அவர் ‘தாமாகவே’ இருந்தார் என்று முடிவுகட்டுவது பழைய வழக்கம். ரொபர்ட் ஃபிளாஹர்ட்டியின் ‘மான் ஒஃப் அரன்’ (1934) படத்தில் ஐரிஷ் பேசும் தீவுவாசிகள் சுறா வேட்டையாடுகிறார்கள். அந்த வேட்டை அவர்களுடைய தலைமுறைக்கு முன்பே வழக்கொழிந்தது. படத்துக்காக அதை அவர்களுக்குப் புதிதாகக் கற்பித்தார்கள். உலகம் அதை அவர்களின் அன்றாட வாழ்வாகவே பார்த்தது. அதே குழுவினர் நடித்த, ஐரிஷ் மொழியின் முதல் பேசும்படமான ‘ஈஹ ஹானஹஷ்’ 1935இல் வெளிவந்தும் அவர்களை நடிகர்கள் என்று எண்ணியவர்கள் சிலரே. ‘தீபன்’ பெரும்பகுதி தமிழில், அதுவும் ஈழப்பேச்சில் அமைந்த படம். அதனாலேயே நம் நடிகருக்கும் அதே கதி நேர்ந்தது என்று கருதுகிறேன். தீபனின் மனைவியாகக் காட்டப்படும் யாழினியாக வந்த காளீஸ்வரி ஸ்ரீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து வந்தவர். அவருடைய நடிப்பை யாரும் சொந்த வாழ்க்கை என்று சொல்லவில்லை.

நூல் அட்டைகளில் ஷோபாசக்தி என்று இருக்கிறவர் பிரெஞ்சுப் பட்டியல்களில் அன்ரனிதாசன் யேசுதாசன் என்றும், சிலவற்றில் முன்பின்னாக யேசுதாசன் அன்ரனிதாசன் என்றும் இருக்கிறார். இதனால் லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ (2011) படத்தில் எழுத்திலும் நடிப்பிலும் பங்குகொண்டவரையும், 2016 செசார் விருதில் சிறந்த நடிகருக்கான பரிந்துரையைப் பெற்றவரையும் இருவேறு ஆட்களாகப் பார்க்கிற மயக்கம் ஏற்படுகிறது. செசார் பரிந்துரை நடிப்புக்கு உரியது. திரைத்தொழிலில் உள்ளவர்களே அவரை நடிகராக எடைபோட்டார்கள் என்பதற்கு அது போதிய சான்று.

பின்வந்த பாத்திரங்கள் என் வாதத்தை இன்னும் வலுவாக்குகின்றன. லெனின் எம். சிவத்தின் ‘ரூபா’வில் (2018) திருநங்கை ஒருவரைக் காதலிக்கும் குடும்பஸ்தர் அன்ரனியாக நடித்தார். அதே ஆண்டு, செய்தியாளர் மேரி கொல்வினைப் பற்றிய ‘எ பிரைவேட் வோர்’ படத்திலும் நடித்தார். கொல்வின் 2001 ஏப்ரலில் வன்னிக்கு வந்து, திரும்பும் வழியில் ஒரு கண்ணை இழந்தவர். ஷோபாசக்தி தோன்றுவது அந்தப் பயணத்தைக் காட்டும் பகுதியில். ‘கொரில்லா’ வெளிவந்த ஆண்டும் 2001தான். அந்த வன்னியையும் அவர் பிரான்ஸிலிருந்தே அறிந்திருந்தார்.